கல்புக்கு அடுத்தது கண்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன அறை. சுவருக்கு நீலம் கலந்த சுண்ணாம்பு அடித்திருந்தது. பின்பக்கத்து வீட்டில் யாரோ பாலைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அந்த இனிப்பு வாசனை ஜன்னல் வழியாக வந்து அறை முழுக்க நின்றது. மதியத்து லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

எனக்கு எதிரே கோரைப்பாயில் ஓர் இளைஞர் உட்கார்ந்திருந்தார். பெயர் இலியாஸ். இருபத்தைந்து வயது இருக்கலாம். திருமறை முழுவதையும் மனப்பாடமாக ஓதக்கூடியவர். அப்படி ஓதுகிறவர்களை ஹாபிழ் என்போம். கைக்குழந்தையாக இருந்தபோதே பார்வை போனவர். அவர் மடியில் என் நான்கு மாத மகள் கிடந்தாள். கதவோரம் என் மனைவி ஜெய்த்தூன் முக்காட்டின் நுனியைப் பல்லில் கடித்தபடி நின்றாள்.

ஹாபிழின் விரல்கள் குழந்தையின் நெற்றியில் தொடங்கி, புருவத்தின் மேல் நடந்து, இமையில் வந்து நின்றன.

"டாக்டர்ட்ட காட்டியாச்சாண்ணே?" என்று கேட்டார்.

அதற்கு நான் ஒரு பதில் சொன்னேன். நீளமான பதில். அதை நினைத்தால் இந்த வயதிலும் காது மடல் சூடாகிறது. அந்தப் பதிலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என்னை ஏதோ பெரிய பக்திமான் என்று நினைத்துவிடுவீர்கள்.

முகத்தில் இறங்குவது

என் மகளின் பெயர் நூருன்னிசா. வீட்டில் நூரு. எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில் ராஜபாளையத்தில் பிறந்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்தவள். ஏழாம் நாள் முடியிறக்கிப் பேர் வைத்தோம். பெயரை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

நூர் என்றால் ஒளி. அந்தச் சொல்லின் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு மயக்கம் உண்டு.

எங்கள் வீடுகளில் அது தினமும் புழங்கும் சொல். நல்ல மனுஷர் ஒருவரைப் பார்த்துவிட்டு வந்தால், "முகத்துல என்னா நூர்" என்பார்கள். நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. எங்கள் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஓர் அம்மா நல்ல கறுப்பு. முகமெல்லாம் அம்மைத் தழும்பு. அவர் முகத்தில் நூர் இருப்பதாக என் அத்தா அடித்துச் சொல்வார். கெட்டுப்போன மீனைக் கெட்டுப்போனது என்று அந்த அம்மாவே எடுத்துத் தூரப் போட்டுவிடுவாராம். அதுதான் காரணம்.

அத்தா மௌத்தானபோது, குளிப்பாட்டிக் கஃபன் துணி உடுத்திய பிறகு முகத்தைத் திறந்து காட்டினார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் நூர் இறங்கியிருக்கிறது என்றார்கள். நானும் பார்த்தேன். பஞ்சு அடைத்த மூக்குதான் தெரிந்தது. ஊருக்கே தெரிவது பெற்ற மகனுக்குத் தெரியவில்லையே என்று பல நாள் உள்ளுக்குள் குமைந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத் நூரைப் பற்றிப் பேசினார். வானங்களுக்கும் பூமிக்கும் ஒளி இறைவன்தான் என்று திருமறை சொல்கிறது. அந்த ஒளியை நாம் நினைத்துப் பார்ப்பதற்காக ஓர் உவமையும் அதில் உண்டு. சுவரில் ஒரு மாடம், மாடத்துக்குள் விளக்கு, விளக்கைச் சுற்றிக் கண்ணாடி.

ஹஜ்ரத் அந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடிக்கு என்று சொந்த வெளிச்சம் கிடையாது என்றார். துடைத்து வைத்தால் உள்ளே இருப்பது வெளியே வரும், புகை படிந்தால் உள்ளேயே நிற்கும். மனுஷனின் கல்பு அந்தக் கண்ணாடி மாதிரி. கல்பு என்றால் இதயம். சூரியன் காட்டுகிற வெளிச்சத்தில் கல்லும் முள்ளும் தெரியும், இறைவன் கல்பில் போடுகிற வெளிச்சத்தில் நல்லது எது கெட்டது எது என்று தெரியும். ஊர் சொல்கிற நூர் அந்த இரண்டாவது வெளிச்சம்தான், அது தோலில் இருப்பதல்ல என்று முடித்தார்.

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அப்போது நான் பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். மெல்லிய வெள்ளைத் துணியை மடித்து, சுருட்டி, காகிதம் ஒட்டுகிற வேலை. கை தன்னால் ஓடும், மனசுக்கு வேலை இருக்காது. அந்த வாரம் முழுக்க நான் துணியை மடித்துக்கொண்டே கண்ணாடியை நினைத்துக்கொண்டிருந்தேன். பெண் பிறந்தால் என்ன பெயர் என்பதை அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

வளையல் இல்லாத கை

நூருவிடம் ஏதோ சரியில்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவள் ஜெய்த்தூன்.

பால் கொடுக்கும்போது பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள், இவள் பார்க்கவில்லை என்றாள். மூன்று மாதக் குழந்தைக்கு என்ன தெரியும் என்றேன் நான். குரல் கேட்டால் சிரிக்கிறாள், அதுவரைக்கும் சிரிப்பதில்லை என்றாள். சில பிள்ளைகள் அப்படித்தான் என்றேன். எனக்கு எத்தனை பிள்ளைகளைத் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

ஒரு நாள் நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் தொட்டிலுக்குப் பக்கத்தில் சத்தம் போடாமல் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு வளையல்கூட இல்லை. எல்லாவற்றையும் கழற்றி ஜன்னலில் வைத்திருந்தாள். என்னைப் பேசாதே என்று கைகாட்டினாள். குழந்தை விழித்துக்கொண்டுதான் இருந்தது. ஜெய்த்தூன் அதன் முகத்துக்கு நேராகக் கையை இப்படியும் அப்படியும் அசைத்தாள். குழந்தை எங்கேயோ பார்த்தபடி காலை உதைத்துக்கொண்டிருந்தது. பிறகு அவள் ஒரே ஒரு வளையலை எடுத்துத் தொட்டில் கம்பியில் தட்டினாள். நூரு சட்டென்று அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"இன்னைக்கு நாலு தடவ பாத்துட்டேங்க. நாலு தடவையும் இதேதான்" என்றாள் ஜெய்த்தூன்.

நான் கை கால் கழுவப் போய்விட்டேன்.

மறுநாள் பக்கத்து வீட்டு சுப்பம்மா வந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். நூருவை 'அம்மாயி' என்றுதான் கூப்பிடுவார். காலை வெயிலில் குழந்தையைத் தூக்கி முகத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணிக்குள், ஊறவைத்த அரிசி மாதிரி வெள்ளையாக ஏதோ இருந்தது. இரண்டு கண்ணிலும். அவர் குழந்தையை ஜெய்த்தூனிடம் கொடுத்துவிட்டு, பேசாமல் அவள் தலையைத் தடவினாராம். ஜெய்த்தூனுக்கு அதிலேயே புரிந்துவிட்டது.

உள்ளூர் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறவியிலேயே கண்புரை, குழந்தைகளுக்கும் வரும், மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போய் ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்றார். சீட்டும் எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அது பதினெட்டு நாள் என் பையிலேயே இருந்தது. சட்டை மாற்றும்போதெல்லாம் சீட்டையும் மாற்றினேன்.

மரியம் அக்கா

என் அக்கா மரியம் எங்கள் தெருவிலேயே இருந்தார். அவருக்கு ஒரு மகன் இருந்தான். எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பு, நான்கு வயதில் அவனுக்குக் குடல் இறங்கியது. சின்ன ஆபரேஷன் என்றுதான் கூட்டிப்போனோம். எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மயக்க மருந்து கொடுத்தார்கள். பிள்ளை அதிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. அவனை உள்ளே தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தவன் நான். 'மாமா இங்கதான் நிக்கேன்' என்று சொல்லிவிட்டு வெளியே வந்திருந்தேன்.

நூருவின் விஷயம் தெரிந்ததும் அக்கா வந்து உட்கார்ந்தார். நெடுநேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏலே, பேரை மாத்திரு. நாளைக்குப் பெரியவளாகி வெளிய போவா. நூருன்னு கூப்பிட்டா நாலு பேரு சிரிப்பாவ" என்றார்.

ஜெய்த்தூனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நானோ ஹஜ்ரத்தின் பேச்சை எடுத்து அக்காவிடம் விரித்தேன். நூர் என்பது கண்ணில் இருப்பதல்ல, கல்பில் இருப்பது, பேருக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். பேசப் பேச எனக்கே தெம்பாக இருந்தது. அக்கா தலையை ஆட்டினார். ஆபரேஷன் பேச்சை மட்டும் எடுக்காதே என்றார். எடுக்கவில்லை என்றேன்.

அடுத்தடுத்த நாட்களில் யார் வந்து கேட்டாலும் அதே விளக்கத்தைச் சொன்னேன். கேட்டவர்கள் என் ஈமானை, இறைநம்பிக்கையைப் பாராட்டினார்கள். இவ்வளவு பெரிய சோதனையிலும் எவ்வளவு பொறுமை என்றார்கள். கம்பெனியில் என்னோடு துணி மடிக்கிறவர்கூட என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார்.

ஜெய்த்தூன் மட்டும் பாராட்டவில்லை. மதுரைக்கு எப்போது போகிறோம் என்று தினமும் ஒரு தடவை கேட்டாள். பதில் வராது என்று தெரிந்த பிறகும் கேட்டாள்.

கடைசியில் அக்காவே ஒரு வழி சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஹாபிழ் இருக்கிறார், கண் தெரியாதவர், அவர் ஓதினால் மனசு அமைதிப்படும், பிள்ளையைக் கொண்டுபோய் ஓதவைத்துக்கொண்டு வாருங்கள் என்றார். ஆஸ்பத்திரி இல்லையென்றதும் நான் உடனே சரி என்றேன். பஸ்ஸில் ஜெய்த்தூன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

நீல அறையில்

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். டாக்டரிடம் காட்டியாயிற்றா என்று ஹாபிழ் கேட்டார்.

காட்டினோம், ஆபரேஷன் என்றார்கள் என்று தொடங்கி, நான் என் விளக்கத்தைச் சொன்னேன். மாடம், விளக்கு, கண்ணாடி எல்லாம் வந்தது. புறக்கண் இல்லாவிட்டாலும் அகக்கண் திறந்தவர்களுக்கு இறைவன் எவ்வளவு உயர்வு வைத்திருக்கிறான் என்றேன். இதோ உங்களையே எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் நெஞ்சில் இருக்கிற நூர் எங்களில் யாருக்கு வாய்த்தது என்று அவரிடமே சொன்னேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் குழந்தையின் உள்ளங்கைக்குள் தன் விரலை வைத்திருந்தார். நூரு அதை இறுகப் பிடித்திருந்தாள்.

"எங்களுக்குச் சொந்த ஊரு மம்சாபுரம்ணே" என்று ஆரம்பித்தார். ஏழு மாதத்தில் அவருக்குக் கண்ணில் சீழ் பிடித்ததாம். ஊர் ஊராக வைத்தியம் பார்க்கச் சொன்னார்களாம். அவருடைய அத்தா, இறைவன் கொடுத்தது இறைவன் எடுக்கிறான் என்று இருந்துவிட்டாராம். பிறகு வெகுநாள் கழித்து ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்குள் வந்திருந்தால் ஒரு கண்ணையாவது காப்பாற்றியிருக்கலாம் என்றாராம்.

"எங்கத்தாவ எல்லாரும் பொறுமசாலின்னு சொன்னாவ. இன்னைக்கும் சொல்லுதாவ. பொறும அவியளுக்கு, இருட்டு எனக்கு."

குரலை உயர்த்தவே இல்லை. என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

தனக்கு யார் மேலும் கோபம் இல்லை என்று அவரே சொன்னார். ஓதுகிற வாழ்க்கை தனக்குப் பிடித்திருக்கிறது, இறைவன் தன்னை வெறுங்கையோடு விடவில்லை. ஆனால் அது தானும் இறைவனும் பேசி முடித்துக்கொண்ட விஷயம், இன்னொருத்தர் தன் சார்பில் பேச முடியாது என்றார். பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"கல்புல இருக்க நூர இந்தப் புள்ள பெரிசாகித் தானாத் தேடிக்கிடும்ணே. கண்ணுல உள்ளத நீங்க தேடிக் குடுங்க. ஒங்க வேல அம்புட்டுத்தான்."

பிறகு அவர் கேட்டார்.

"பயமா இருக்காண்ணே?"

பதினெட்டு நாளாக என்னிடம் யாரும் கேட்காத கேள்வி அது. நானே என்னைக் கேட்டுக்கொள்ளாத கேள்வியும் அதுதான். அக்கா மகனைப் பற்றி அவரிடம் சொல்லிவிட்டேன். உள்ளே படுக்கவைத்துவிட்டு வந்ததையும், வெளியே நின்றதையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. ஜெய்த்தூன் கதவோரத்திலிருந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் அக்கா மகன் இறந்தது அவளுக்குத் தெரியும். அவனைத் தூக்கிப்போனவன் நான் என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

ஹாபிழ் என்னைத் தேற்றவில்லை. வந்த காரியத்தைச் செய்வோம் என்று சொல்லிவிட்டு ஓத ஆரம்பித்தார். நபிகள் நாயகம் ஒளியைக் கேட்டுச் செய்த ஒரு துஆ உண்டு. அதை மெதுவாக, ஒவ்வொரு வரியாக ஓதினார். நூரு அந்தக் குரலைக் கேட்டதும் காலை உதைப்பதை நிறுத்திவிட்டாள்.

ஓதி முடித்ததும் ஜெய்த்தூன் அதன் அர்த்தம் என்ன என்று கேட்டாள்.

என் கல்பில் ஒளியைத் தா, என் பார்வையில் ஒளியைத் தா, என் செவியில் ஒளியைத் தா, எனக்கு வலப்புறம், இடப்புறம், மேலே, கீழே, முன்னால், பின்னால் எல்லாம் ஒளியைத் தா என்று கேட்பது என்றார் ஹாபிழ்.

ஜெய்த்தூன் விரல் விட்டு எண்ணினாள்.

"மொதல்ல கல்பு. ரெண்டாவதே கண்ணா?"

"ஆமாக்கா. ரெண்டாவதே கண்ணுதான்."

அவள் என்னைப் பார்த்தாள். "நாயகமே ரெண்டாவதா கேட்டிருக்காவ. நம்ம புள்ளைக்கு நீங்க ஏங்க கேக்க மாட்டேங்கிறீங்க?"

பையிலிருந்து சீட்டை எடுத்து அவளிடம் கொடுத்தேன். மடிப்பு மடிப்பாகக் கிழிகிற நிலையில் இருந்தது.

புறப்படும்போது நான் ஜெய்த்தூன் என்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது ஹாபிழ் காதில் விழுந்தது. அந்த மாடத்து விளக்குக்கு ஊற்றுகிற எண்ணெய் ஜெய்த்தூன் என்கிற ஒலிவ மரத்தினுடையது, நெருப்பு தொடும் முன்பே சுடர்ந்துவிடும் போல இருக்கும் என்று திருமறையில் வருகிறது, உங்கள் ஹஜ்ரத் அதைச் சொல்லவில்லையா என்று கேட்டார். சொல்லியிருப்பார். நான்தான் கண்ணாடியோடு நின்றுவிட்டேன்.

மதுரை

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம்.

பரிசோதித்த டாக்டர் ஒரு பெண். குழந்தையின் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, நேரம் எடுத்துப் பார்த்தார். புரைக்குப் பின்னால் கண் நன்றாகத்தான் இருப்பதாகத் தெரிகிறது என்றார். இந்த வயதில்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது, ஒரு வயது தாண்டிவிட்டால் கண்ணைச் சரிசெய்தாலும் மூளை அதை எடுத்துக்கொள்ளாது, சரியான நேரத்துக்கு வந்துவிட்டீர்கள் என்றார். அந்த வார்த்தைக்கு நான் தகுதியில்லாதவன். ஜெய்த்தூன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

மயக்க மருந்தைப் பற்றிக் கேட்டேன். எதையும் மறைக்காமல் விளக்கினார். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் தினமும் செய்கிறோம், கவனமாகச் செய்கிறோம் என்றார். அவர் பொய் சொல்லாததாலேயே எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

ஆபரேஷன் அன்று காலை குழந்தையை வாங்கிக்கொள்ள நர்ஸ் கை நீட்டினார். ஜெய்த்தூன் என்னிடம் கொடுத்து, நீங்களே கொடுங்கள் என்றாள். கொடுத்தேன். இந்த முறை குழந்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை.

வராந்தாவில் மர பெஞ்சு. எதிரே ஒரு கதவு. அரை மணி நேரம் ஆகியிருக்கும், படியேறி யாரோ வரும் சத்தம். மரியம் அக்கா. கையில் பிளாஸ்க். ஆஸ்பத்திரி வாசலையே மிதிப்பதில்லை என்று இருந்தவர். தனியாக பஸ் பிடித்து, வழி கேட்டு, வந்து நின்றார். எங்களோடு உட்காரவில்லை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

எனக்கு அன்றைக்கு அந்த துஆ முழுக்க நினைவில்லை. கல்பு, கண், செவி வரைக்கும் வரும், அதற்குப் பிறகு வலமா இடமா என்று தடுமாறும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பேன். கண் வரும்போது மட்டும் நிறுத்தி இரண்டு தடவை சொன்னேன். அதுவரை நூர் என்பதை எதையோ தாங்கிக்கொள்வதற்கான சொல்லாக மட்டும் வைத்திருந்தேன். கேட்டு வாங்குவதற்கான சொல்லாகவும் அது இருக்கிறது என்பது அந்த பெஞ்சில்தான் தெரிந்தது.

பிறகு கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம். பூனை கத்துவதுபோல முதலில். பிறகு நல்ல அழுகை. வீம்பான, தொண்டை முழுக்கத் திறந்த அழுகை.

அக்கா கதவில் காதை வைத்தார்.

"ஏலே, அழுதா" என்றார். "முழிச்சிட்டா. அழுதா கேளு."

சொல்லிவிட்டு அப்படியே சுவரோடு சறுக்கித் தரையில் உட்கார்ந்தார். மகன் போன அன்றுகூட நிமிர்ந்து நின்றவர், மடியில் பிளாஸ்க்கை வைத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தை மூடி, உடம்பு குலுங்க அழுதார். ஜெய்த்தூன் போய் அவரைக் கட்டிக்கொண்டாள். நான் எழுந்து வராந்தா ஜன்னலுக்குப் போனேன். கீழே ரோட்டில் ஒருவன் சைக்கிளில் வாழையிலைக் கட்டு கொண்டுபோனான். அவனைக்கூட எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

நூருவைத் தூக்கிவந்து கொடுத்தார்கள். ஒரு கண்ணில் கட்டு. என் தொழில் அது, கை தானாகப் போய்த் துணியைத் தடவிப் பார்த்தது. எங்கள் ஊர்த் துணிதான். நல்ல நெருக்கமான நெசவு.

கனமான கண்ணாடி

இரண்டு வாரத்தில் அடுத்த கண். அதற்கும் அக்கா வந்தார். இந்த முறை பெஞ்சில் உட்கார்ந்தார்.

காயம் ஆறியதும் கண்ணாடி போட்டார்கள். புரையோடு கண்ணுக்குள் இருந்த வில்லையையும் எடுத்துவிட்டதால் நல்ல தடியான கண்ணாடி. ஆறு மாதக் குழந்தைக்கு அளவான சட்டம், காதுக்குப் பதில் தலையைச் சுற்றி எலாஸ்டிக் நாடா. போட்டதும் நூரு அதைப் பிடுங்கி எறிந்தாள். மறுபடி போட்டார்கள். மறுபடி எறிந்தாள். மூன்றாவது தடவை போட்டபோது ஜெய்த்தூன் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அழுதுகொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

வாய் திறந்தபடியே இருந்தது. கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் பெரிதாக, மீன் கண் மாதிரித் தெரிந்தன. அவை அலைந்து அலைந்து, ஜெய்த்தூனின் முகத்துக்கு வந்து நின்றன. ஜெய்த்தூன் பேசவில்லை. வளையலை அசைக்கவில்லை. மூச்சுகூட விட்டாளா தெரியாது. நூரு அவளையே பார்த்தாள். பிறகு ஒரு கையை உருவிக்கொண்டு, நேராக நீட்டி, அவளுடைய மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். ஜெய்த்தூனுக்கு வலியில் கண்ணில் நீர் வந்தது. கையை விலக்கவில்லை.

பார்வை மற்றவர்களைப் போல முழுசாக இருக்காது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். கண்மணி லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். தூரத்தில் இருப்பது மங்கும். அதெல்லாம் உண்மைதான். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள். பிள்ளைகள் சோடாபுட்டி என்று கூப்பிட்டார்கள், இவளும் பதிலுக்கு ஏதாவது பெயர் வைத்தாள். ஆனால் படித்தாள், தைத்தாள், ரோடு தாண்டினாள். பெயரை மாற்றச் சொன்ன அக்கா, அந்தப் பெயரைத் தெருமுனை வரை கேட்கும்படி நீட்டிக் கூப்பிடுவார்.

ஒரு பெருநாள் அன்று

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. நூருவுக்கு ஐந்து வயது. நோன்புப் பெருநாள் தொழுகை முடிந்து, சாப்பாட்டுக்குப் பிறகு, மூவரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். இலியாஸ் ஹாபிழ் அதற்குள் கல்யாணமாகி, வேறு வீட்டுக்குப் போயிருந்தார். வருஷத்துக்கு ஒருமுறையாவது போய்ப் பார்த்துவிடுவோம். ஆனால் நூரு விவரம் தெரிந்து வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் முன்னால் போய் உட்கார்ந்து, தாடையில் கையை ஊன்றிக்கொண்டு அவரையே பார்த்தாள். அவள் எதையும் கிட்டப் போய்த்தான் பார்ப்பாள். அவர் மூச்சுக் காற்று கண்ணாடியில் படுகிற தூரம். அவர் என்னிடம் ஏதோ கேட்டுச் சிரித்தார்.

"மாமா, நீங்க சிரிச்சா கன்னத்துல குழி விழுது" என்றாள்.

ஹாபிழ் பேச்சை நிறுத்தினார்.

"எனக்கா?"

"ஆமா. ஒரு பக்கம் மட்டும்."

அவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லையே என்றார். அவருடைய மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, எல்லாருக்கும் தெரிந்ததுதானே, உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியாதே என்றார்.

"எந்தப் பக்கம்மா?" என்று அவர் நூருவிடம் கேட்டார்.

அவள் அவருடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, இடது கன்னத்தில் ஓர் இடத்தில் வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

"சிரிச்சாத்தான் வரும் மாமா. சிரிங்க" என்றாள்.